பழைய கார்களின் முன்சில்லு ஆட்டம்: நோய் எங்கே, மருந்து எங்கே?

பிரித்தானியாவில் நாற்பது வருடங்களைக் கடந்த காருக்கு, அதில் பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவரை, வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனை கட்டாயமில்லை. 2018 மே 20 முதல் இதுவே நடைமுறை. 1960க்கு முன்னர் செய்யப்பட்ட கார்களுக்கு 2012 நவம்பரிலேயே இந்த விலக்கு வந்துவிட்டது. பலரும் இதை ஒரு சலுகையாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தை வீதியில் ஓட்டினால் 2,500 பவுண்ஸ் வரை தண்டம், மூன்று தண்டப் புள்ளிகள், சிலவேளை சாரதித் தடை என்ற சட்டம் பழைய காருக்கும் அப்படியேதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை காரின் அடியில் போய்ப் பார்த்த அந்நியக் கண் ஒன்று இப்போது இல்லை. இனிப் பார்க்கவேண்டியவர் சொந்தக்காரர் மட்டுமே.

எம்மவர்களிடையேயும் பழைய கார் ஆசை மெல்ல மெல்ல வளர்ந்து வருகிறது. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் நடக்கும் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து இறங்கும் நீண்ட மூக்குக் கார்களைப் பார்த்து, நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. (அந்தக் கல்யாணக் கார்களில் பல உண்மையில் பழையவை அல்ல. 'பியூஃபோர்ட்' போன்றவை 1930களின் தோற்றத்தில் பிற்காலத்தில் கட்டப்பட்ட கார்கள். அவற்றின் அடியில் இருப்பது பிற்கால ஃபோர்ட் கார் ஒன்றின் பாகங்கள். கீழே நாம் சொல்லும் நோய் அவற்றுக்கு வருவதில்லை.) உண்மையான 1920களின் கார் ஒன்றை வாங்கியவர், முதல் மாதத்திலேயே சந்திக்கக்கூடிய பயங்கரம் ஒன்றைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

கார் மணிக்கு 25 மைல் வேகத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். முன்சில்லு ஒன்று சிறு பள்ளத்தில் விழும். உடனே சுக்கான் கையில் அதிரத் தொடங்கும். ஒரு செக்கனுக்குள் இரண்டு முன்சில்லுகளும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். முன்பக்கம் முழுவதும் ஆடும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நிற்காது. கார் ஏறத்தாழ நின்ற பிறகுதான் அடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'ஷிம்மி' என்று பெயர். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த, தோளைக் குலுக்கி ஆடும் நடனம் ஒன்றின் பெயர் அது. பெயரில் இருக்கும் வேடிக்கை, எதிரே ஒரு லொறி வரும்போது இருக்காது.

ஆட்டம் எப்படித் தன்னைத்தானே வளர்க்கிறது

கடையில் சாமான் தள்ளும் வண்டிலின் முன்சில்லை எல்லோரும் கவனித்திருப்போம். சற்று வேகமாகத் தள்ளினால் ஒரு சில்லு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதுவும் ஷிம்மிதான். திருப்பும் ஆணி முன்னாலும் சில்லு நிலத்தைத் தொடும் இடம் பின்னாலும் இருப்பதால், சில்லு எப்போதும் நேராக வரப் பார்க்கிறது. நேராக வரும்போது சற்றுக் கடந்து மறுபக்கம் போகிறது. அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. இணைப்பில் தளர்வு இருந்தால், ஒவ்வொரு திரும்பலிலும் உருளும் வண்டிலிலிருந்தே அது புதிய பலத்தை எடுத்துக்கொள்கிறது.

காரில் இதற்கு மேலதிகமாக இன்னொன்றும் சேர்கிறது. பழைய கார்களில் இரு முன்சில்லுகளும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் இருக்கின்றன. இடச்சில்லு மேலே எழுந்தால் அச்சு முழுவதும் சரியும், வலச்சில்லும் சேர்ந்து சரியும். சுழலும் சைக்கிள் சில்லு ஒன்றை அதன் அச்சின் இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு சரித்துப் பாருங்கள். நீங்கள் சரித்த திசையில் மட்டும் அது போகாது, பக்கவாட்டிலும் திரும்பப் பார்க்கும். பம்பரத்தின் குணம் இது. எனவே அச்சு சரிந்தால் சில்லுகள் திரும்புகின்றன. சில்லுகள் திரும்பினால் ரயர் நிலத்தைப் பக்கவாட்டில் தள்ளி அச்சை மறுபடி சரிக்கிறது. ஒன்று மற்றதை ஊட்டி வளர்க்கிறது. சில்லுகள் திரும்பி ஆடுவது ஷிம்மி, அச்சு தராசுத் தட்டுப்போல ஏறி இறங்குவது அச்சுத் துள்ளல். முற்றிய நிலையில் இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்தத் தொல்லை பரவலானது 1920களின் நடுப்பகுதியில். அதற்குக் காரணம் இரண்டு முன்னேற்றங்கள் என்பதுதான் வேடிக்கை. அதுவரை கார்களின் ரயர்கள் ஒடுக்கமானவை, சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவில் காற்றடித்தவை, கல்லுப்போல இருக்கும். 1923இல் அமெரிக்காவில் 'பலூன்' ரயர்கள் சந்தைக்கு வந்தன. காற்று பாதியளவுதான், பயணம் மெத்தென்று இருந்தது. ஆனால் மெத்தென்ற ரயர் பக்கவாட்டிலும் வளையும். அதே வருடங்களில் முன்சில்லுகளுக்கும் பிறேக் வரத் தொடங்கியது. ஸ்பிரிங்குக்குக் கீழே, அச்சின் இரு முனைகளிலும், பாரம் கூடியது. மெதுவான ரயரும் பாரமான முனையும் சேர்ந்ததும், முன்பு ஆடாத கார்கள் ஆடத் தொடங்கின. 1925இல் பிரான்ஸில் ஜோர்ஜ் புருலியே என்ற பொறியியலாளர் இதை ஆராய்ந்தபோதுதான், உருளும் ரயர் தான் பார்க்கும் திசையிலிருந்து சற்று வழுவியே செல்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். இன்றைய ரயர் விஞ்ஞானம் முழுவதும் அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது.

இறுதியில் பெரிய நிறுவனங்கள் அந்த ஒற்றை அச்சையே கைவிட்டன. இத்தாலியின் லான்சியா லம்டா 1922இலேயே இரு முன்சில்லுகளையும் தனித்தனியாகத் தொங்கவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் தனது 1934 மொடல்களில் அதைச் செய்தது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர், ரோல்ஸ்-ரோய்ஸிலிருந்து கடிலாக்குக்கு வந்த மொரிஸ் ஒலி. ஃபோர்ட் மட்டும் 1948 மொடல் வரை ஒற்றை அச்சை விடவில்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40 டெவொன், சொமர்செற், மொறிஸ் மைனர் எல்லாம் இந்த மாற்றத்துக்குப் பின் வந்தவை. அவற்றின் முன்சில்லுகள் தனித்தனியானவை. ஆகவே "அப்பாவின் ஏ-40 இப்படி ஆடியதில்லையே" என்று கேட்டால், ஆடாததற்குக் காரணம் இதுதான். நாம் இங்கே பேசுவது அவற்றுக்கு முந்தைய தலைமுறையைப் பற்றி.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: எப்போது ஆடுகிறது?

கருவியைக் கையில் எடுக்குமுன் ஒரு கடதாசியை எடுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எது தொடக்குகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

15 முதல் 30 மைல் வரையான வேகத்தில், ஒரு பள்ளமோ மேடோ தொடக்கிவைத்து, கார் நிற்கும்வரை ஓயாத ஆட்டமென்றால், குற்றம் பெரும்பாலும் இணைப்புகளின் தளர்விலும் அச்சின் சாய்விலும் இருக்கும். சமமான வீதியிலும் 45 அல்லது 50 மைலில் தானாக வந்து, வேகம் கூடினாலோ குறைந்தாலோ மறையும் நடுக்கமென்றால் சில்லின் பலன்ஸையும் வட்டத்தையும் பாருங்கள். பிறேக் பிடிக்கும்போது மட்டும் என்றால், பிறேக் உருளை வட்டம் இழந்திருக்கலாம், ஒரு பக்கப் பிறேக் மட்டும் கவ்வலாம், அல்லது ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வரலாம். என்றாலும் எங்கிருந்து தொடங்குவது என்பதை இந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1928 முதல் 1931 வரை ஃபோர்ட் செய்த மொடல் ஏ. ஏறத்தாழ 48 இலட்சம் கார்கள் செய்யப்பட்டதால் இன்றும் வாங்கக் கிடைக்கிறது, பாகங்களும் கிடைக்கின்றன. முன்பக்கத்தில் ஒரே அச்சு, அதன் மேல் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், அச்சிலிருந்து பின்னோக்கிப் போய் ஒரு குமிழில் முடியும் கவட்டை வடிவத் தண்டு. மற்றக் கார்களில் அமைப்பு சற்று மாறும். ஆனால் சோதிக்கும் ஒழுங்கு மாறாது: நிலத்திலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். பலர் தலைகீழாக, சுக்கானிலிருந்து கீழே வருகிறார்கள். ஆட்டத்தைக் கையில் உணர்வதால் கைக்கு அருகே இருக்கும் பெட்டியில் குற்றம் இருப்பதாக நினைப்பது இயல்புதான், ஆனால் அநேகமாகப் பிழையான இடம் அது.

ரயரும் சில்லும்

காற்றை அளவுங்கள். மொடல் ஏக்கு ஃபோர்ட் சொன்ன அளவு 35 இறாத்தல். இரு பக்கமும் ஒரே அளவு இருக்கவேண்டும். காற்றைச் சரிசெய்ததோடு ஆட்டம் மறைந்த கார்கள் உண்டு. ஆனால் ஐந்து இறாத்தல் கூட்டினால்தான் ஆடாமல் ஓடுகிறது என்றால் நோய் மாறவில்லை, மறைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற காரின் ரயர், நின்ற இடத்தில் தட்டையாகிவிடும். சில மைல்கள் ஓடியபின்னும் தட்டை போகாவிட்டால் அந்த ரயர் முடிந்துவிட்டது. பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். வருடத்துக்கு முந்நூறு மைல் ஓடும் காரின் ரயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்துதான் சாகிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்ட ரயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம்.

அடுத்து ஜக் வைத்து அச்சைத் தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் போகவேண்டாம். தாங்கி வைத்தபின்தான் எல்லாம். சில்லின் ஓரத்துக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்திச் சில்லைச் சுழற்றினால், எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பது தெரியும். 1/8 அங்குலத்துக்கு மேல் விலகல் இருந்தால் அந்தச் சில்லை முன்னுக்குப் போடவேண்டாம் என்பது நாம் வைத்திருக்கும் கணக்கு. மொடல் ஏயின் கம்பிச் சில்லில் கம்பிகள் பற்றவைக்கப்பட்டவை, அவற்றை இறுக்க முடியாது. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றின் கம்பிகளை இறுக்கலாம். ஒவ்வொரு கம்பியையும் ஒரு ஸ்பானரால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொட்டென்று கேட்கும். மொடல் ரீ போன்ற கார்களின் மரச்சில்லு வேறு கதை. சூடேற்றிய கராஜில் மரம் காய்ந்து சுருங்கி, மூட்டுகளில் ஆடத் தொடங்கும். தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும் என்பார்கள். இறுகும்தான், மரம் மறுபடி காயும்வரை. அது மருந்தல்ல, சில்லு செய்யத் தெரிந்த தச்சரிடம் கொண்டுபோகவேண்டும்.

பலன்ஸ் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் மலிவான செலவில் பெரிய பலன் கிடைக்கிறது. 1928, 29 மொடல்களின் 21 அங்குலச் சில்லில் ரயரோடு சேர்த்து விட்டம் 30 அங்குலம் அளவில் வரும். 45 மைல் வேகத்தில் அது செக்கனுக்கு எட்டுத் தடவைக்கு மேல் சுழலும். விளிம்பில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், ஒரு பக்கம் கூடினால், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோ பலத்தோடு சில்லை இழுக்கும், செக்கனுக்கு எட்டு முறை. அதே அவுன்ஸ் 20 மைலில் அரைக் கிலோகூட இழுக்காது. அதிவேக நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டுவதற்கு ஒரு காரணம் இது.

மையத் துளை பெரிதான பழைய சில்லுகள் இன்றைய பலன்ஸ் இயந்திரங்களில் சரியாக அமர்வதில்லை. அதனால் பழைய முறையே நல்லது. பிறேக் கட்டைகளை முழுவதும் தளர்த்துங்கள். பெயாரிங்கில் இருக்கும் தடித்த கிறீஸைக் கழுவி எடுத்து, மெல்லிய எண்ணெய் சில துளி விடுங்கள். இப்போது சில்லைத் தள்ளிவிட்டால், பாரமான இடம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஈயத்தைக் கட்டுங்கள். கம்பிச் சில்லென்றால் பற்றாசுக் கம்பியைச் சில்லின் கம்பியில் சுற்றலாம். எங்கு நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் பெயாரிங்குக்குப் புதிய கிறீஸ் வையுங்கள்.

பெயாரிங்கும் கிங் பின்னும்

தூக்கிய சில்லின் உச்சியையும் அடியையும் இரு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் குற்றம் பெயாரிங்கிலா, சில்லு திரும்பும் அந்த நடு ஆணியாகிய கிங் பின்னிலா என்று பிரித்தறியவேண்டும். உதவிக்கு ஒருவரை உள்ளே இருத்திப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் குற்றம் பெயாரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். பெயாரிங் என்றால் சிறு வேலைதான்: நட்டை இறுக்கி, பின் சில்லு தாராளமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் போடவேண்டும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுபவர்களை நாம் கண்டிருக்கிறோம். சில சதம் பெறுமதியான பொருள் அது.

கிங் பின் தேய்ந்திருந்தால் பின்னையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதிய பின்னைப் பழைய புஷ்ஷில் போட்டு வேலையில்லை. புதிய வெண்கலப் புஷ்களைப் போட்டபின், மேலுக்கும் கீழுக்கும் ஒரே நேர்கோட்டில் துளை இருக்கும்படி நீண்ட ரீமர் ஒன்றை இரண்டினூடாகவும் ஒரேயடியாக விட்டுச் சீவவேண்டும். தனித்தனியாகச் சீவினால் பின் இறுகிப் பிடிக்கும். இறுகிய கிங் பின்னோடு சில்லு தானாக நேருக்கு வராது. கார் வளைவில் திரும்பியபடியே நிற்கப் பார்க்கும். மொடல் ஏயில் இன்னொரு விசேடம் உண்டு: முன்பிறேக்கை இயக்கும் தண்டு கிங் பின்னின் நடுவினூடாகவே இறங்குகிறது. ஆகவே அங்கே செய்யும் அரைகுறை வேலை, சுக்கானோடு பிறேக்கையும் கெடுக்கும்.

குமிழ் மூட்டுகள், கவட்டைத் தண்டு, ஸ்பிரிங்

காரை நிலத்தில் இறக்குங்கள். ஒருவர் உள்ளே இருந்து சுக்கானை இரண்டு அங்குலம் இடமும் வலமுமாக விடாமல் ஆட்டட்டும். நீங்கள் முன்னால் படுத்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பெட்டியின் கையிலிருந்து சில்லுக்குப் போகும் ட்ராக் லிங்க், இரு சில்லுகளையும் இணைக்கும் டை ரொட், இவற்றின் நான்கு முனைகளிலும் குமிழ்கள் உள்ளன. குமிழ் எப்போதும் நேராக ஓடும் நிலையிலேயே தேய்வதால், காலப்போக்கில் முட்டை வடிவமாகிவிடும். முட்டை வடிவக் குமிழை இறுக்க முடியாது. நேரான நிலையில் இறுக்கினால் திருப்பும்போது சிக்கும். குமிழை மாற்றவோ, புதுக் குமிழ் பற்றவைக்கவோ வேண்டும். சுக்கான் பாகத்தில் பற்றவைப்பது, அதற்கென்றே பழகியவர் மட்டும் செய்யவேண்டிய வேலை. மூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும், ஸ்பிரிங்கும் கிண்ணமும் ஒழுங்கு மாறிப் பூட்டப்பட்டிருந்தாலும் இதே தளர்வு வரும். முன்னர் யாரோ கழற்றிப் பூட்டிய காரில் இது அதிசயமல்ல.

பலர் தவறவிடும் இடம் கவட்டைத் தண்டின் பின்முனைக் குமிழ். கியர் பெட்டிக்கு முன்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் அது இருக்கிறது. அச்சு முன்பின் போகாமலும் சுருளாமலும் பிடித்துவைப்பது அதுதான். அங்கே தளர்வு இருந்தால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் அச்சு முழுவதும் அசையும். மூடியைக் கழற்றிக் குமிழைப் பாருங்கள், தேய்ந்து தட்டையாகியிருக்கலாம். குறுக்கு ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு கட்டும் யூ போல்ட்களையும் ஷக்கிள்களின் புஷ்களையும் அதே கையோடு பாருங்கள்.

காஸ்டர் என்பது கிங் பின்னின் உச்சி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. மொடல் ஏயில் ஏறத்தாழ 5 பாகை. குறைந்தால் கார் வீதியில் அலையும். கூடினால் சில்லு வேகமாக நேருக்கு வந்து, கடந்து, ஆடத் தொடங்கும். சாமான் வண்டிலின் கதைதான். கார் அலைகிறதென்று ஆப்புத் தகடு செருகிக் காஸ்டரைக் கூட்டுவதும், பிறகு அது 20 மைலில் ஆடுவதும் பழைய கார்க்காரர்களுக்குப் பழக்கமான வரிசை. காரின் இரு பக்கமும் வேறு வேறு காஸ்டர் காட்டினால் அச்சு முறுகியிருக்கிறது. வளைந்த தண்டும், படிந்துபோன ஸ்பிரிங்கும், பின்னுக்குப் போட்ட உயரம் கூடிய ரயரும்கூடக் காஸ்டரை மாற்றும். ஆகவே இணைப்புகளைச் சரிசெய்யுமுன் இதைத் தொடவேண்டாம்.

மொறிஸ், ஒஸ்ரின் பெரிய கார்கள் போல, இரு பக்கமும் நீளவாட்டில் ஸ்பிரிங் உள்ளவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளத்தில் அச்சு எழும்போது அது ஸ்பிரிங்கின் நிலையான முனையை மையமாகக் கொண்டு ஒரு வளைவில் போகிறது. ட்ராக் லிங்கோ ஸ்டியரிங் கையை மையமாகக் கொண்டு வேறொரு வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் சில்லைத் திருப்பும். இது வடிவமைப்பின் குணம், உரிமையாளர் திருத்தக்கூடியதல்ல. ஆனால் படிந்த ஸ்பிரிங்கை மீண்டும் வளைத்து உயரத்துக்குக் கொண்டுவந்தால், வடிவமைத்தவர் நினைத்த நிலைக்காவது அது திரும்பும்.

ஷொக் அப்சோபரை மறக்கவேண்டாம். அச்சுத் துள்ளலை அடக்கும் பொருள் அது ஒன்றுதான். மொடல் ஏயின் ஹூடேல் வகையில் எண்ணெய் வற்றியிருப்பது சாதாரணம். கையைக் கழற்றி அசைத்துப் பாருங்கள். கனமாக, சீராக எதிர்க்கவேண்டும். முன்பக்கத்து இரண்டும் ஒரே அளவு எதிர்க்கவேண்டும். 1930களின் சில பிரித்தானியக் கார்களில் முன் பம்பரின் இரு முனைகளிலும் பாரக் கட்டைகள் இருக்கும். அழகுக்கென்று பலர் நினைத்தாலும், அவை முன்பக்க அதிர்வை உறிஞ்ச வைக்கப்பட்டவை. பம்பரைக் கழற்றிவிட்டு, கார் ஏன் ஆடுகிறது என்று தேடவேண்டாம்.

ஸ்டியரிங் பெட்டி, கடைசியாக

இப்போதுதான் பெட்டி. தளர்வு இருந்தால் திருகை இறுக்கலாம் என்று எவரும் சொல்வர். பெட்டிக்குள் பல் தேய்வது நடுவில், நேராக ஓடும் நிலையில். நடுவில் தளர்வு போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். சந்தியில் திருப்பிய சுக்கான் திரும்பி வராமல் நிற்பது, ஆடும் சுக்கானைவிடக் கொடியது. சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, எங்கும் இறுகாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். எஞ்சும் தளர்வு சிறிதென்றால் அதோடு வாழலாம். முழுப் பற்சக்கரம் உள்ள பெட்டிகளில், சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் தேயாத பற்கள் நடுவுக்கு வரும். ஒன்றுக்கும் இடமில்லையென்றால் புதுப் பற்கள்தான்.

டோ-இன் என்ற முன்னொடுக்கத்தை எல்லாம் முடிந்தபின் சரிசெய்யவேண்டும். சில்லைச் சுழற்றி ரயரின் நடுவில் சோக்கும் ஆணியும் கொண்டு ஒரு கோடு இழுங்கள். காரை இறக்கி, சற்று முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, அச்சின் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவுங்கள். மொடல் ஏயில் முன்தூரம் 1/16 அங்குலம் குறைந்திருக்கவேண்டும். மொடல் ரீயின் கைநூலோ கால் அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம் என்று சொன்னது.

ஸ்டியரிங் டம்பர் என்ற எண்ணெய்க் குழாயைப் பூட்டினால் ஆட்டம் ஒரே நாளில் நின்றுவிடும். விற்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள். எமக்கு அதில் ஒரு எதிர்ப்பு இருக்கிறது. தளர்ந்த கிங் பின்னும் முட்டைக் குமிழும் தங்கள் இருப்பைச் சொல்ல வைத்திருந்த ஒரே குரல் அந்த ஆட்டம். டம்பர் அந்தக் குரலை அடைக்கிறது, தேய்வை நிறுத்துவதில்லை. எல்லாம் சரிசெய்தபின்னும் எஞ்சும் சிறு நடுக்கத்துக்குப் பூட்டுவதென்றால் பூட்டுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம். வாங்கப்போகும் காரில் புதிய டம்பர் ஒன்று மினுங்கினால், விலை பேசுமுன் அதன் ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

வேலை முடியுமுன்னரே வீதியில் ஆட்டம் பிடித்தால்: பெருவிரல்கள் சுக்கான் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். அடிக்கும் சுக்கான் பெருவிரலை முறிக்கும். அக்சிலேற்றரை விடுங்கள், பிறேக்கை மெல்ல மட்டும் தொடுங்கள். கடுமையாக மிதித்தால் அச்சு சுருண்டு ஆட்டம் கூடலாம். வேகம் இறங்கினால் தானாக அடங்கும். அதன்பின் ஓரங்கட்டி, மூட்டுகளைப் பார்த்து, எதுவும் கழன்றிருக்கவில்லை என்று உறுதியானபின் மெல்ல வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏதாவது கழன்றிருந்தால் லொறியில் ஏற்றுங்கள்.

திருத்தியபின் சோதனை ஓட்டம் ஞாயிறு அதிகாலை, ஆளில்லாத நேரான வீதியில். முதலில் 15 மைல், பிறகு ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ஒரு சிறு மேட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். அன்று எழுதிய கடதாசியை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். ஐம்பது மைல் ஓடியபின் மீண்டும் அடியில் படுத்து, யூ போல்ட், கிங் பின் பூட்டாணி, ஒவ்வொரு குமிழின் ஸ்பிளிட் பின் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். புதிய புஷ்களும் கிண்ணங்களும் படிந்து, முதலில் இறுகியிருந்தவை சற்றுத் தளர்ந்திருக்கும்.